பதினாலாம் நம்பர் குருசடி

பால் பாக்கெட்டைக் கையில் ஏந்தி எடை பார்க்காமல் காசிலிங்கம் ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. பஸ் டிக்கெட்டில் தேதி பார்ப்பார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, நேரில் பார்த்ததும் போட்டோவில் இருப்பதும் ஒரே ஆள்தானா என்று சித்தப்பாவை இன்னொரு தடவை அனுப்பி உறுதி செய்துகொண்டவர். அப்படிக் கட்டிக்கொண்ட வடிவம்மாள் இருபத்தெட்டு வருஷமாக இதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் காசிலிங்கம்தான்.

தூத்துக்குடியில், பிஸ்கட்டும் மிட்டாயும் சோப்பும் மொத்தமாக எடுத்து ஊர் ஊராகச் சில்லறைக் கடைகளுக்குப் போடுகிற ஏஜென்சி ஒன்றில் அவர் லைன் போய்க்கொண்டிருந்தார். லைன் என்றால் கரண்டுக் கம்பி இல்லை. திங்கள்கிழமை ஓட்டப்பிடாரம், செவ்வாய்க்கிழமை திருச்செந்தூர், புதன்கிழமை நாசரேத் என்று கிழமைக்கு ஒரு ரோடு. அந்த ரோட்டில் உள்ள கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி ஆர்டர் எடுக்க வேண்டும். முதலில் சைக்கிள், பிறகு மொபெட், பிறகு மோட்டார் சைக்கிள் என்று இருபத்தேழு வருஷம் போனார். எந்தக் கடைக்காரர் போணி ஆகும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார், காயல்பட்டினத்தில் எந்த முடுக்குச் சந்தில் வண்டி திருப்ப முடியாது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பழையகாயல் திருப்பத்தில் உப்பு லாரி ஒன்று உரசித் தள்ளியதில் வலது முழங்காலுக்குள் தகடு வைக்க வேண்டியதாயிற்று. சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் நின்றால் கால் வீங்கிவிடும். வண்டியை இனித் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி சிவனணைந்தபெருமாள் இரக்கப்பட்டு ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். முதலாளியின் மகள் சுஜிதா சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தபோது, அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. லைன் போகிற நாலு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி ஏறியது. போனிலேயே வழி பார்க்கலாமே என்று கேட்டதற்கு, "போன்னா சார்ஜ் இல்ல, சிக்னல் இல்லன்னு நூறு காரணம் வரும் அண்ணாச்சி. இது அப்படி ஏமாத்தாது" என்றாள். ஏமாற்றாது என்ற வார்த்தையைக் கேட்டதுமே காசிலிங்கத்துக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் அந்தப் பெட்டிகளுக்கு ரூட் போடுவதுதான் இனி அவர் வேலை. நாற்காலி போனால் அவருக்குப் போக்கிடம் குடோன்தான். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டி எண்ண வேண்டும்.

கம்ப்யூட்டரில் மேப்பை விரித்து, கடை இருக்கும் இடத்தில் எல்லாம் வரிசையாகப் பின் குத்த வேண்டும். பின்களைக் கோர்த்து அதுவே கோடு போடும். வயரை மாட்டிக் கோட்டைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டால் தீர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்குள் புகுந்து போகும்படி அவர் இழுத்துவிட்ட கோடு, பெட்டிக்குள் இறங்கியதும் ஒரு கடைகூட இல்லாத பைபாஸுக்குத் தாவியிருக்கும். தாவாமல் இருக்க நடுவில் நாலு பின் கூடுதலாகக் குத்தினால், அதில் ஒன்று நாலு வழிச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் மயிரிழை தள்ளி விழுந்திருக்கும். அதைத் தொடுவதற்காக நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரச் சொல்லும். இன்னும் பின் குத்தினால், கொள்ளாது என்று மொத்த ரூட்டையும் விழுங்கிவிடும். ஓட்டுவது மோட்டார் சைக்கிள் என்று தெளிவாகச் சொல்லி வைத்தும், காயல்பட்டினத்து முடுக்குகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, உப்பளத்து வரப்பைப் பார்த்தால் மட்டும் நல்ல ரோடு என்று நம்பும்.

போதாக்குறைக்கு அதன் உள்ளே ஒரு பெண்குரல். இடது பக்கம் திரும்பவும், வலது பக்கம் திரும்பவும் என்று ஓயாமல் சொல்லும். இந்தப் பக்கத்தில் இலையில் கூட்டு வைக்கிறவரிடம்கூட "கொஞ்சம் மேக்க தள்ளி வைய்யி" என்று கேட்டு வாங்குகிற ஆட்கள். இடது, வலதைக் கேட்டுவிட்டு அதைக் கிழக்கு, மேற்காக்கிப் பார்ப்பதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும்.

தன் கோட்டை மிஷின் மாற்றுகிறது என்று காசிலிங்கம் முதலில் நம்பவில்லை. தனக்குப் பின்னால் யாரோ வந்து மாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தார். கம்ப்யூட்டருக்குப் பூட்டுச் சொல் போட்டார். வயரைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோனார். பெட்டியில், ஒரு பின்னுக்குப் போகாமலே அடுத்ததற்குத் தாண்டிவிட ஒரு பட்டன் உண்டு. "இத வச்சுக் குடுத்தா கடைக்கே போகாம தாண்டித் தாண்டிப் போயிருவானுவ மேடம்" என்று சுஜிதாவிடம் சொல்லி அந்தப் பட்டனையும் பூட்ட வைத்தார். அதற்குப் பிறகு, ஒரு பின்னைத் தொடாமல் அடுத்த கடைக்குப் பெட்டி வழி சொல்லாது. திரும்பிப் போ, திரும்பிப் போ என்று அந்தப் பெண் கழுத்தறுப்பாள்.

வாரக் கடைசியில், எந்த வண்டி எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் நின்றது என்று கம்ப்யூட்டர் ஒரு தாள் கக்கும். கடைப் பெயர் இருக்காது, ஊரும் நிமிஷமும்தான். ஒரு சனிக்கிழமை அந்தத் தாளோடு சுஜிதா அவரைக் கூப்பிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை ரோச் எங்க நிக்கார் அண்ணாச்சி? பழையகாயலுக்குக் கிழக்க, இருபத்திரண்டு நிமிஷம். எட்டு வாரமா ஒரே இடம். அங்க நமக்குக் கடை இருக்கா?"

"அங்கன ஏது கடை மேடம். வெறும் உப்பளம்லா."

"அப்ப ரூட் தப்பா, ஆள் தப்பா? ரூட் தப்புன்னா, ரூட் போடுறத சென்னையில ஒரு கம்பெனிகிட்ட குடுத்துரலாம். ஆள் தப்புன்னா வேற ஆள் பாக்கணும். புதன்கிழமைக்குள்ள விசாரிச்சு எழுதிக் குடுங்க."

காசிலிங்கம் நிம்மதியாகத்தான் வெளியே வந்தார். ரூட் போட்டது அவர். ஆகவே ரூட் தப்பாக இருக்க வழியில்லை. ஒரு கடமைக்காகச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பதிமூன்று, பழையகாயல் பஜார். பதினாலு, குருசடி. பதினைந்து, முக்காணி. எல்லாம் அவர் கையால் ஏற்றிய கடைகள். குருசடி என்பது கடலோரத்துக் கிறிஸ்தவ ஊர்களில் சிலுவை நட்டுக் கும்பிடுகிற சின்னக் கோயில். பழையகாயலில் ஒரு குருசடிக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைக்கு போர்டில் வேறு பெயர் உண்டு. ஆனால் லைன் போகிறவர்கள் வாயில் அந்தக் கடையே 'குருசடி'தான். "குருசடியில ரெண்டு பெட்டி பிஸ்கட்டு" என்றால் சாமிக்குப் படையல் இல்லை, கடைக்கு ஆர்டர்.

ரோச் முப்பத்தாறு வயசுக்காரன். திரேஸ்புரத்துக் கடற்கரையில் பிறந்தவன். காசிலிங்கத்துக்குக் கால் போன பிறகு திருச்செந்தூர் லைனை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். தன் லைனில் இன்னொருவன் போவதைக் காசிலிங்கத்தால் ஜீரணிக்க முடியவில்லை. அதைவிட, ரோச் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான். சும்மா கேட்பது மாதிரி இல்லை, ஏதோ முடிவை எதிர்பார்த்துக் கேட்பது மாதிரி இருந்தது. என் கால் தேறினால் இவனுக்கு லைன் போய்விடும் என்று பயம், அதுதான் வேவு பார்க்கிறான் என்று காசிலிங்கம் முடிவு கட்டியிருந்தார்.

அந்த இருபத்திரண்டு நிமிஷத்துக்கு அவர் மூன்று காரணம் கண்டுபிடித்தார். ஒன்று, வேறு ஏஜென்சிக்காரன் சரக்கை உப்பளத்துக் கொட்டகையில் பதுக்கி வைத்து நம் கடைகளுக்கே போடுகிறான். இரண்டு, தூங்குகிறான். மூன்றாவதை வடிவம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"பொம்பளையா இருக்கும்ளா."

"உப்பளத்து வெயில்ல, காலைல பதினோரு மணிக்கு, இருபத்திரண்டே நிமிஷம்" என்றாள் வடிவம்மாள். "நல்லா கண்டுபிடிச்சீய போங்க."

திங்கள்கிழமை சாயங்காலமே அவர் கடிதத்தை எழுதி முடித்துவிட்டார். இரண்டே வரி. 'பழையகாயலில் வாராவாரம் நேரம் வீணாவதற்குக் காரணம் ரோச். ரூட்டில் தவறு இல்லை.' மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆனாலும் எழுதிய கையைக் கண் ஒப்புக்கொள்ளவில்லை. கையும் களவுமாகப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது அல்லவா? மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, வடிவம்மாளின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரோச் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று சரி பார்க்க, அதே ரூட் ஏற்றிய உபரிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

முள்ளக்காடு தாண்டிப் பழையகாயல் பஜார் வரைக்கும் பெட்டி ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தது. ரோச் வண்டியைக் காணோம். பஜாரை விட்டதும் பெண்குரல், "இடது பக்கம் திரும்பவும்" என்றது. வடிவம்மாள் பிரேக்கைப் பிடித்தாள். கிழக்கே, உப்புப் பாத்திகளுக்கு நடுவில் செம்மண் வரப்பு ஒன்று கடலைப் பார்க்கப் போயிற்று.

"அங்கன என்னத்துக்கு? நேரா போ" என்றார் காசிலிங்கம்.

நேரே போனார்கள். "திரும்பவும்" என்றது பெட்டி. காசிலிங்கம் அதைத் தட்டினார். "திரும்பவும்" என்றது. தாண்டுகிற பட்டனை அமுக்கினார். அது பூட்டியிருந்தது. பூட்டுச் சொல் சுஜிதாவிடம் இருந்தது.

"யாரோ இதுக்குள்ள கைய வச்சிருக்கான். நான் போட்ட ரூட்டு இல்ல இது."

வடிவம்மாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி, அவர் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "பதினாலு, குருசடின்னு போட்டிருக்கு. நீங்க போட்ட பேருதான?"

"பேரு நான் போட்டதுதான்."

"அப்ப எடமும் நீங்க போட்டதுதான் இருக்கும். வாங்க, போய்ப் பாத்துருவோம்."

வரப்பில் ஸ்கூட்டி குலுங்கக் குலுங்க, காசிலிங்கம் மடியில் இருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மேப்பில் கடைகளின் பெயர் பாதிக்கு மேல் இல்லை. எழுத்து அடித்துத் தேடி, முதலில் வருவதைத் தொட்டுவிட்டுப் போனது உண்டு. 'பழையகாயல் குருசடி' என்று அடித்தார்; ஒன்று வந்தது; குத்தினார். அவருக்குத் தெரிந்து பழையகாயலில் ஒரே குருசடிதான். கடற்கரை ஊரில் தெருவுக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று என்று குருசடி இருக்கும் என்பதை, இருபத்தேழு வருஷம் லைன் போன மனுஷன் யோசிக்கவில்லை. அவருக்கு அது கடை.

ஒன்றரைக் கிலோமீட்டரில் வரப்பு முடிந்தது. ரோச்சின் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. அதற்கப்பால் ஈரக் களிமண். நடந்துதான் போக முடியும். உப்பு வாருகிற ஆட்கள் நட்டு வைத்ததோ, மீன் பிடிக்கப் போகிறவர்கள் நட்டதோ, இடுப்பு உயரச் சுண்ணாம்பு மேடை மேல் ஒரு வெள்ளைச் சிலுவை. அதன் முன்னால் ரோச் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றான். மெழுகுதிரி ஒன்று காற்றில் அணைகிறேன், அணைகிறேன் என்று எரிந்துகொண்டிருந்தது.

"இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது காசிலிங்கத்தின் கையில் இருந்த பெட்டி.

ரோச் திரும்பிப் பார்த்தான். பதறவில்லை. முகமெல்லாம் சந்தோஷமாக எழுந்து வந்தான்.

"வந்துட்டீயளா அண்ணாச்சி? நேர்ச்சைய முடிக்கத்தான வந்திருக்கீய? மைனியும் வந்திருக்காவ."

காசிலிங்கம் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மொத வாரம் எனக்குக் கடுங்கோவம்" என்றான் ரோச், வடிவம்மாளைப் பார்த்து. "கடையே இல்லாத எடத்துல பின்ன வச்சு, தாண்டவும் விடாமப் பூட்டி, அண்ணாச்சி நம்மள சோதிக்காவன்னு நெனச்சேன். நான் போறனா இல்லியான்னு ஒளிஞ்சு பாக்காவளோன்னு சுத்திமுத்தியும் பாத்தேன். பெறவுதான் மண்டையில ஒறைச்சுது. அண்ணாச்சி விழுந்தது அந்தத் திருப்பத்துலதான? அங்க இருந்து பாத்தா இந்தக் குருசு தெரியும். விழுந்து கெடக்கையில கால் சரியாவணும்னு இதப் பாத்து நேர்ந்திருப்பாவ, அண்ணாச்சி நம்மள மாதிரி வேதக்காரவ இல்லியே, வெளிய சொல்லக் கூச்சப்பட்டு ரூட்டுக்குள்ள வச்சுவிட்டுட்டாவன்னு புரிஞ்சுக்கிட்டேன். நேர்ச்சைய நாமளும் வாய விட்டுக் கேக்கக் கூடாதுல்லா. அதான் வாராவாரம் ஒரு திரி பொருத்தி, ஐம்பத்து மூணு மணிச் செபமும் சொல்லிட்டுப் போறது. உங்க காலுக்குத்தான்."

ஐம்பத்து மூணு மணிச் செபம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று காசிலிங்கம் கேட்கவில்லை. அது தாளிலேயே இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்பத்தாறு வயசில், நட்ட நடு உப்பளத்தில், பெண்டாட்டி முன்னால், எங்காவது போய் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல் வெட்கம். சட்டைப் பையில் இருந்த காகிதம் நெஞ்சில் உரசிக்கொண்டே இருந்தது.

"இந்தாங்க, நீங்களே ஒண்ணு பொருத்துங்க" என்று ரோச் பையிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்து நீட்டினான். மூன்று தீக்குச்சி காற்றில் போயிற்று. நாலாவது குச்சிக்கு ரோச் இரண்டு கையையும் குவித்து அணை கட்டினான். திரி பிடித்துக்கொண்டது. காசிலிங்கத்தால் மண்டி போட முடியாது. ரோச்சின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றான் ரோச், வழக்கம்போல.

"இருக்கு" என்றார். அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவார்.

திரும்பி வரும்போது முள்ளக்காடு வந்ததும், "அந்த லெட்டர என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாள்.

"எந்த லெட்டரு?"

"சட்டப்பையில உள்ளது. காலையிலயே வாசிச்சிட்டேன். நீங்க மட்டும்தான் சந்தேகப்படணுமா?"

உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். சும்மா இருந்தால் ரோச் போவான். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க யோசித்தார். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். மேப்பில் பிழை என்று சொல்லலாம். அது பாதி நிஜமும்கூட. சுஜிதா நம்பியிருப்பாள். ஆனால் அப்படிச் சொல்கிற ஒருவனை, தானே எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. முதன்முதலாகக் காசிலிங்கத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது.

புதன்கிழமை காலையில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பழைய காகிதத்தையே விரித்து, 'ரோச்' என்பதை அடித்துவிட்டு மேலே 'காசிலிங்கம்' என்று எழுதினார். கீழ் வரியில் 'இல்லை' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அடித்தார். 'ரூட்டில் தவறு' என்று நின்றது. அப்படியே கொண்டுபோய் சுஜிதா மேஜையில் வைத்தார்.

அவள் அடித்திருந்ததையும் சேர்த்து வாசித்தாள். "எட்டு வாரமா அவர் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டான் மேடம். அவன் நல்லவன். பின்னத் தப்பா குத்துனது நான். தாண்ட விடாம பூட்டச் சொன்னதும் நான்."

அவள் காகிதத்தை மடித்து வைத்தாள். "எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா சொன்னது சொன்னதுதான். ரூட் இனி சென்னையில போட்டுருவாங்க. நீங்க குடோனப் பாத்துக்குங்க."

அவர் நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்து, திருச்செந்தூர் லைனில் பதினாலாம் பின்னை உப்பளத்திலிருந்து பிடுங்கி, பஜாருக்குக் கிழக்கே கடை வாசலில் குத்தினார். இந்தத் தடவை நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்தார். சாப்பாட்டுப் பையில் இருந்த வயரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவர் குடோனில் பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரோச். பின்னால் பஜார் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, மிஷின் இன்னைக்கு உப்பளத்துக்குப் போகச் சொல்லல. நேரா கடைக்கே கொண்டுவந்து விட்டுட்டு. நீங்க எடுத்துட்டீயளா?"

"எடுத்துட்டேன்யா."

"நேர்ச்சை முடிஞ்சுட்டா?"

காசிலிங்கம் ஒரு அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து உட்காரவில்லை. முழங்கால் வீங்கிப் பேன்ட் இறுகியிருந்தது.

"முடிஞ்சுட்டு ரோச்சு."

"அப்ப கால் தேவலையா அண்ணாச்சி?"

"தேவல" என்றார். "நின்னுக்கிட்டுத்தான் பேசுதேன்."